ஞானப்பூ என்னும் நற்பெயர்

தோவாளை என்றதும் பிச்சியும் அரளியும் கொழுந்தும் குவிந்து கிடக்கும் பூச்சந்தைதான் நம் நினைவுக்கு வரும். அத்தோவாளை வட்டத்தின் தலைமையிடமாகிய பூதப்பாண்டியில் பயிலும் நாம், என்றும் வாடாத வேறொரு பூவையும் அறிந்திருத்தல் வேண்டும். அவரே ஞானப்பூ அம்மாள்.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பார்கவி. அது திருமகளின் பெயர்களுள் ஒன்று. மயிலக்கோட்டில் பிறந்த அவரை மணந்தவர், நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை. பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராயிருந்த நீலகண்டர், டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயருக்குக் கடவுள் உதவினார் என்பது பொருள். அப்பொருளைத் தழுவி அவர் தேவசகாயம் ஆனார்.

பார்கவி அம்மாள் முதலில் அஞ்சினார். உற்றார் என்ன சொல்வரோ என்னும் கலக்கம் எப்பெண்ணுக்குத்தான் இராது? ஆயினும் பின்னர் மனம் தெளிந்து அவரும் ஞானஸ்நானம் பெற்றார். தெரேசா என்னும் பெயருக்கு ஈடாக அவருக்கு ஞானப்பூ என்று பெயர் சூட்டினர்.

தெரேசா என்பது ஸ்பெயின் நாட்டில் வேரூன்றிய பெயர். அறுவடை செய்தல் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பர் சிலர். அவிலா நகர்ப் புனித தெரேசாவால் அது உலகெங்கும் பரவியது. போலந்து நாட்டிலும் தெரேசா உண்டு. நம் ஊர்களிலோ அவர் திரேசம்மாள்! ஆனால் ஞானப்பூ என்பது சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன்று. நம் மண்ணிலேயே மலர்ந்த பெயர்.

அப்பெயருக்கு அம்மையார் கொடுத்த விலை பெரிது. 1749-இல் கணவர் சிறைப்பட்டார். 1752 ஜனவரி 14-ஆம் நாள் நம் அருகிலுள்ள ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கைம்பெண்ணான ஞானப்பூ அம்மாள், விசுவாசத்தைக் கைவிடாமல் வடக்கன்குளத்தில் எஞ்சிய நாட்களைக் கழித்தார்.

2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ், தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். அன்று உலகம் கணவரின் பெயரைக் கேட்டது. அவர் பட்ட துன்பத்தில் பங்குகொண்ட மனைவியின் பெயரையும் நாம் மறத்தலாகாது.

அன்புத் தோழியரே! பெயரைப் பெற்றோர் தருவர். அதற்கு மணம் தருவது நம் வாழ்வே. நம் பாட்டிமாருள் ஒரு ஞானப்பூவோ திரேசம்மாளோ இருப்பின், அவர் அருகில் அமர்ந்து இவ்வரலாற்றைச் சொல்லுவோம்.