வாக்கு இயந்திரத்தை நீதிமன்றத்தில் வென்ற ஏ.சி.ஜோஸ்: 123 வாக்குகளில் தொடங்கிய வழக்கு

இந்தியத் தேர்தல் வரலாற்றில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலில் பயன்படுத்தப்பட்ட தொகுதி கேரளத்தின் வடக்குப் பரவூர். அந்தத் தேர்தலில் தோற்று, பின்னர் சட்டப் போராட்டத்தால் வென்றவர் காங்கிரஸ் தலைவர் ஏ.சி.ஜோஸ்.

1937-ஆம் ஆண்டு பிறந்த ஜோஸ், கேரள மாணவர் சங்கத்தின் வழியே அரசியலுக்கு வந்து, கொச்சி மேயராகப் பணியாற்றினார். 1980-இல் பரவூரிலிருந்து சட்டப்பேரவைக்குத் தேர்வானார். 1982 பிப்ரவரி 3-ஆம் தேதி பேரவைத் தலைவரானார். கே.கருணாகரன் அரசுக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் அப்போது சமபலம் இருந்தது. வாக்குகள் சமமாகப் பிரிந்தபோதெல்லாம் ஜோஸ் அளித்த தீர்மான வாக்கே அரசைக் காத்தது. லோனப்பன் நம்பாடன் ஆதரவை விலக்கிக்கொண்டதால் மார்ச் மாதம் அரசு கவிழ்ந்தது.

அதைத் தொடர்ந்து மே 19-ஆம் தேதி நடைபெற்ற தேர்தலில், பரவூரின் 84 வாக்குச்சாவடிகளுள் 50-இல் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. இதை எதிர்த்து இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை உயர் நீதிமன்றத்தை நாடினார். நீதிமன்றம் தலையிட மறுத்தது. முடிவில் சிவன் பிள்ளை 30,450 வாக்குகளும் ஜோஸ் 30,327 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் 123 மட்டுமே. இயந்திரத்தை எதிர்த்தவர் வெல்ல, தோற்றவர் அதே வாதத்தைக் கையில் எடுத்தார்.

ஜோஸின் தேர்தல் மனுவை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றம், 1984 மார்ச் 5-ஆம் தேதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இயந்திரம் பழுதானது என்று நீதிமன்றம் கூறவில்லை. வாக்குச்சீட்டையும் வாக்குப்பெட்டியையும் குறிப்பிடும் சட்டத்தை, அரசமைப்பின் 324-ஆவது பிரிவைக் காட்டித் தேர்தல் ஆணையம் மீற இயலாது என்பதே தீர்ப்பின் சாரம். 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடைபெற்று, ஜோஸ் வென்றார்.

இந்தத் தீர்ப்பு நாடாளுமன்றத்துக்கு ஒரு கடமையை உணர்த்தியது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 மார்ச் 15 முதல் இயந்திரங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது.

ஜோஸ் 1996-இல் இடுக்கி, 1998-இல் முகுந்தபுரம், 1999-இல் திருச்சூர் தொகுதிகளிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். நாடு முழுவதும் இயந்திரங்களே பயன்படுத்தப்பட்ட 2004 மக்களவைத் தேர்தலில் திருச்சூரில் தோல்வியடைந்தார். 2016 ஜனவரி 23-ஆம் தேதி காலமானார். ஆணையத்தின் அதிகாரம் சட்டத்துக்கு உட்பட்டதே என்பதை நிலைநாட்டிய வழக்காக அவர் பெயரிலான தீர்ப்பு நிலைத்துள்ளது.