முகம் காட்டாத குரு, முகம் வரைந்த சீடர்: யார் இந்த குனியோஷி?

உதகாவா குனியோஷி தன்னையே பலமுறை வரைந்திருக்கிறார். ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலும் அவர் முகம் தெரியாது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் பூனைகள். உடையில் இருக்கும் முத்திரையை வைத்துத்தான் ஆள் யாரென்று கண்டுபிடிக்கணும். 1861-ல் அவர் இறந்ததும் சீடர் யோஷிஇக்கு ஒரு மர அச்சுப் படம் வெளியிட்டார். அதில் குருவின் முகம் தெளிவாகவே இருந்தது.

இந்த வகைப் படத்துக்கு ஜப்பானில் 'ஷினி-எ' என்று பெயர். அதாவது, மரணப் படம். பெரும்பாலும் கபுகி நாடக நடிகர்கள் இறந்தால்தான் இது வரும், அதுவும் சுடச்சுட. இன்னைக்கு ஒரு நட்சத்திரம் மறைந்தால் போன் முழுக்க அவர் படமாக வருதே, அந்த மாதிரி. ஓவியருக்கு இந்த மரியாதை கிடைப்பது அபூர்வம்.

குனியோஷி 1798-ல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், துணிக்குச் சாயம் போடுபவரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே டொயோகுனியிடம் சீடரானார். குரு பெயரில் இருந்த 'குனி' சீடர் பெயரிலும் சேர்ந்தது. ஆனால் வருமானம் மட்டும் வரவில்லை. அதே பட்டறையில் படித்த குனிசடா கொடிகட்டிப் பறந்தபோது இவர் பல வருஷம் சோத்துக்கே திண்டாடினார். 1827 வாக்கில் சீனக் கதையொன்றின் 108 வீரர்களை உடம்பெல்லாம் பச்சையோடு வரைய ஆரம்பித்தார், நிலைமை தலைகீழானது. டாட்டூ பிரியர்கள் இன்றும் அந்தப் படங்களைத் தேடிப் போகிறார்கள்.

அடுத்து வந்தது சோதனை. 1842-ல் அரசு, ஆடம்பரத்தை ஒழிக்கிறோம் என்று நடிகர் படங்களுக்கும் அழகிகள் படங்களுக்கும் தடை போட்டது. ஓவியர்களின் பிழைப்பே அதுதான். குனியோஷி சும்மா இருக்கவில்லை. பூனைகளுக்கு நடிகர்களின் முகஜாடை கொடுத்தார். சுவர்க் கிறுக்கல் மாதிரி நடிகர்களை வரைந்தார். 1843-ல் வந்த சிலந்திப் பூதப் படம்தான் உச்சம். நோயில் படுத்திருக்கும் தலைவனை ஷோகன் என்றும், பின்னால் திரளும் பேய்களைச் சட்டத்தால் நொந்த மக்கள் என்றும் ஊர் பேசியது. பயந்துபோன பதிப்பாளர் படத்தைத் திரும்பப் பெற்று, அச்சுக்கட்டைகளையும் அழித்துவிட்டார். பயம் நியாயம்தான். 1804-ல் உதமாரோ என்ற புகழ்பெற்ற ஓவியருக்கே 50 நாள் கைவிலங்கு மாட்டிய ஊர் அது! குனியோஷி இந்த முறை தப்பித்தார்.

கடைசிக் காலத்தில் உடல்நலம் கெட்டது. ஆனாலும் பட்டறையில் சீடர்களுக்குப் பஞ்சமில்லை. 'குனி'யை வாங்கியவர் 'யோஷி'யைக் கொடுத்தார்: யோஷிஇக்கு, யோஷிதோஷி எனப் பலர். 1892-ல் யோஷிதோஷி இறந்தபோது அவருக்கும் ஒரு மரணப் படம் வந்தது. வரைந்தவர் அவருடைய சீடர் தோஷிகாகே. பெயரில் அதே 'தோஷி'.