ஐஸ் ஹவுஸில் ஏற்றிய அகல்விளக்கு

(சகோதரி சுப்பலட்சுமியின் வாழ்வும் தொண்டும்)

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவி, தாவரவியல் துறை



வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பேருந்தில்தான் நான் கல்லூரிக்கு முதன்முதலாக வந்தேன். என் தந்தையார் மரவள்ளிக் கிழங்கு பயிரிடுபவர். மழை பொய்த்த ஆண்டுகளில் கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போகிறவர். என் தாயார் கைநாட்டு. என் அக்காளுக்குப் பதினைந்து வயதில் மணம் முடிந்தது. எங்கள் வீட்டில் பட்டப் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான்தான். ஆகவே, சென்னை மாகாணத்தில் ஓர் இந்துப் பெண் முதன்முதலாகப் பட்டம் பெற்ற வரலாறு என் கண்ணில் பட்டபோது, அதை ஊரார் கதையாக என்னால் படிக்க முடியவில்லை. நூலகத்தில் ஓய்வு நேரத்தில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இளமையும் இடியும்

1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் சுப்பிரமணிய ஐயர், விசாலாட்சி இணையரின் மூத்த மகளாகப் பிறந்தார் சுப்பலட்சுமி. ஒன்பது வயதிலேயே நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்தில் முதலிடம் பெற்றார் என்றால், அக்குழந்தையின் அறிவுக் கூர்மையைச் சொல்லவும் வேண்டுமோ!

ஆனால் அந்நாளைய வழக்கம் அறிவைப் பார்த்து நிற்கவில்லை. பதினோராம் வயதில் திருமணம் நடந்தது. மணமகன் விரைவிலேயே மறைந்தார். கணவன் என்ற சொல்லின் பொருளே அறியாத சிறுமி கைம்பெண் ஆனாள்.

அக்காலத்தில் அந்தணர் குடும்பங்களில் இந்நிலை எத்தகையது என்பதை இன்று நாம் எண்ணிப் பார்ப்பதே கடினம். தலைமுடி மழிக்கப்படும், வண்ணப் புடவை கிடையாது, மங்கல நிகழ்ச்சிகளில் முகம் காட்டக் கூடாது, மிஞ்சியது அடுக்களை ஒன்றே. அத்தகைய வாழ்வுக்குத் தம் மகளை ஒப்புக்கொடுக்கப் பெற்றோர் மறுத்தனர். உறவினர் முகம் சுளித்தனர், ஊரார் தூற்றினர். தந்தையோ மகளுக்கு வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். பின்னர் சென்னை வேப்பேரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பிரசன்டேஷன் கான்வென்ட் பள்ளியில் சேர்த்தார்.

தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பிறர் பிள்ளைகளுக்காக உழைத்த அத்துறவியரைக் கண்டு, தாமும் அவ்வாறே வாழ வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். சமயம் மாறவில்லை; தொண்டு நெறியை மட்டும் எடுத்துக்கொண்டார். அதனால்தான் பிற்காலத்தில் நாடே அவரைச் சகோதரி என்று அழைத்தது.

முதல் பட்டம்

மாநிலக் கல்லூரியில் பயின்று 1911ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி அவரே. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

நண்பர்களே, இங்கே சற்று நிற்போம். பட்டம் பெற்றவுடன் என்ன செய்வது என்பது நம் அனைவரையும் வாட்டும் கேள்வி. நல்ல வேலை, கைநிறையச் சம்பளம், வீட்டுக்கு ஓர் ஓட்டுக்கூரை என்று என் கனவும் நீள்கிறது, அதில் தவறில்லை. சுப்பலட்சுமியோ, தம்மைப் போலவே இளமையில் கைம்பெண்ணாகி, தம் தந்தையைப் போன்ற ஒரு தந்தையைப் பெறாத சிறுமியரை எண்ணினார். தாம் தப்பித்துவிட்டோம் என்று அவர் மகிழவில்லை. தப்பாதவர்களுக்காகக் கதவைத் திறக்க முனைந்தார்.

நான்கு சிறுமியரும் ஓர் இல்லமும்

1912ஆம் ஆண்டு பெண்களுக்கான சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். எழும்பூரில் ஒரு வீட்டில் நான்கு இளங்கைம்பெண்களுடன் ஓர் இல்லமும் உருவாயிற்று. அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் கைம்பெண்ணே, வீட்டு நிர்வாகத்தைத் தாங்கினார். சமைப்பதும், பிள்ளைகளைத் தேற்றுவதும், நோய் வந்தால் இரவெல்லாம் விழித்திருப்பதும் சித்தியின் பணி. கற்பிப்பதும், பணம் திரட்டுவதும், அதிகாரிகளைப் பார்ப்பதும் சுப்பலட்சுமியின் பணி. வரலாற்றில் ஒருவர் பெயர் நிற்கிறது என்றால், அதன் பின்னே ஒரு சித்தியின் அடுப்புப் புகை இருக்கத்தான் செய்கிறது!

அன்றைய பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த லிஞ்ச் அம்மையார் இம்முயற்சிக்குத் துணை நின்றார். அரசு இதில் அக்கறை கொண்டதற்கு ஒரு காரணமும் உண்டு. பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லை. பெண்களை ஆண் ஆசிரியர்களிடம் அனுப்பப் பெற்றோர் இசையவில்லை. மணமான பெண்கள் வேலைக்கு வரவில்லை. ஒருபுறம் வாழ வழியற்ற இளங்கைம்பெண்கள். மறுபுறம் ஆசிரியைகள் இல்லாத பள்ளிகள். இவ்விரு குறைகளையும் ஒன்றோடொன்று இணைத்து இரண்டுக்கும் தீர்வு கண்டதே சுப்பலட்சுமியின் நுண்ணறிவு.

பனிக்கட்டிக் கிடங்கு கல்விக்கூடமானது

பிள்ளைகள் பெருகினர், வீடு போதவில்லை. 1917ஆம் ஆண்டு கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடத்தை அரசு வாங்கி இவ்விடுதிக்கு அளித்தது. 1842இல் கட்டப்பட்ட அம்மாளிகைக்கு ஒரு விந்தையான வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டு ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்து வைத்தனர். உள்நாட்டிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அவ்வணிகம் நின்றது. பிறகு அது ஒரு வழக்கறிஞருக்குச் சொந்தமாயிற்று. 1897இல் மேலை நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

வெளியுலகமே காணாதிருந்த சிறுமியர் அம்மாளிகையில் கடற்காற்றை நுகர்ந்தனர், பாடம் படித்தனர், விளையாடினர், தேர்வு எழுதினர். வெளியே சென்றபோது ஏச்சும் ஏளனமும் எதிர்கொண்டன. அவற்றைப் பொறுத்துக்கொண்டே அவர்கள் ஆசிரியைகளாக வெளியேறினர். அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி எழுந்தது.

1914இல் சென்னையில் மகளிர்க்கென ஓர் அரசுக் கல்லூரி தோன்றியிருந்தது. அதுவே இன்றைய இராணி மேரிக் கல்லூரி. கல்லூரிக் கல்வி கிடைத்தது; கற்பிக்கும் கலையைக் கற்க இடம் வேண்டுமே! 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி பிறந்தது. அதன் முதல் முதல்வர் சுப்பலட்சுமி. கல்லூரியோடு ஒரு மாதிரிப் பள்ளியும் இணைந்திருந்தது. காலையில் கற்பித்தல் முறையைப் பாடமாகப் படித்த மாணவி, அதைக் குழந்தைகளின் முன் நின்று செய்துகாட்டினாள். செய்முறைக் கூடம் இல்லாத அறிவியல் பாடம் எவ்வளவு வறண்டது என்பதை நாம் அறிவோம். ஆசிரியப் பயிற்சிக்கு அப்பள்ளியே செய்முறைக் கூடம்.

வயது கடந்தபின் கல்வி தேடி வந்த கைம்பெண்களையும் அவர் மறக்கவில்லை. அவர்களுக்காக 1927இல் சாரதா வித்யாலயம் தொடங்கப்பட்டது. 1938இல் அது இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது.

சட்டத்தின் துணை

மரத்தின் கிளையை வெட்டினால் போதாது, வேரைக் களைய வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். குழந்தை மணம் உள்ளவரை குழந்தைக் கைம்பெண்களும் இருப்பர் அல்லவா? மண வயது குறித்து ஆராய்ந்த ஜோஷி குழுவின் முன் அவர் சான்றளித்தார். 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணின் மண வயதைப் பதினான்கு என வகுத்தது. 1949இல் அது பதினைந்தாகவும், 1978இல் பதினெட்டாகவும் உயர்ந்தது.

பதினெட்டு என்பது சட்டம். என் அக்காளுக்குப் பதினைந்தில் மணமானது நான் கண்டது. சட்டப் புத்தகம் மலையேறி வந்து எங்கள் வாசலில் நிற்பதில்லை. அதை யாராவது சுமந்து வர வேண்டியிருக்கிறது.

ஒரு கேள்வி

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐஸ் ஹவுஸ் விடுதி அந்தணக் கைம்பெண்களுக்கென அமைந்தது. அன்று எங்கள் மலையிலிருந்து ஒரு சிறுமி அவ்வாசலில் போய் நின்றிருந்தால் அவளுக்கு இடம் கிடைத்திராது. இதைப் படித்த இரவு என் மனம் கசந்தது. இக்கட்டுரையை எழுத வேண்டுமா என்றுகூட எண்ணினேன்.

பிறகு எனக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்த்தேன். நான் பத்தாம் வகுப்பு முடித்ததும் என் படிப்பை நிறுத்தப் பேச்சு நடந்தது. எங்கள் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியை ஒருவர் மேட்டு வழியில் மூன்று முறை நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து என் தாயாரிடம் பேசினார். மூன்றாம் முறை என் தாயார் தலையசைத்தார். அந்த ஆசிரியைக்குக் கற்பித்தவர் யாரோ. அவருக்குக் கற்பித்தவர் யாரோ! பெண் ஒருத்தி ஆசிரியையாகலாம் என்ற பாதையைப் பின்னோக்கி நடந்தால், ஒரு கட்டத்தில் அக்கடற்கரை மாளிகையைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. கதவு அன்று பாதிதான் திறந்தது. மீதியைத் திறக்கப் பின்வந்தோர் பலர் போராடினர். பாதி திறந்தவரை வாழ்த்துவோம். பாதிதான் திறந்தது என்பதையும் மறவாதிருப்போம். இரண்டும் நன்றியே.

நிறைவு

1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினராகப் பணியாற்றினார். முதுமையிலும் ஓயாமல், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் சிற்றூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நலவாழ்வு நிலையம் அமைத்தார். 1958இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 1969 டிசம்பர் 20ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அடுத்த ஆண்டு நானும் பட்டம் பெறுவேன் என நம்புகிறேன். அக்காளின் மூத்த மகளுக்கு இப்போது ஆறு வயது; விடுமுறையில் நான் ஊருக்குப் போனால் என் தாவரவியல் ஏட்டில் உள்ள இலைப் படங்களை எண்ணிக் காட்டுவாள். அவளுக்குப் பதினைந்து வயது ஆகும் நாளில், எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பேச வெளியூரிலிருந்து யாரும் மேடேறி வரத் தேவையில்லை. நான் இருப்பேன்.

வளர்க பெண் கல்வி! வாழ்க சகோதரியின் தொண்டு!