ம. கோ. இராமச்சந்திரனின் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை

மருதூர் கோபாலமேனன் இராமச்சந்திரன் (ஜனவரி 17, 1917 – டிசம்பர் 24, 1987), சுருக்கமாக எம். ஜி. ஆர்., தமிழ்த் திரைப்பட நடிகரும் தமிழ்நாட்டின் முன்னாள் முதலமைச்சரும் ஆவார். 1977 ஆம் ஆண்டிலிருந்து இறக்கும் வரை, 1980 இல் ஏற்பட்ட சில மாத இடைவெளி தவிர, முதலமைச்சராக இருந்தார். 1984 இல் அமெரிக்காவில் இவருக்குச் செய்யப்பட்ட சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையே, உறுப்பு மாற்று என்னும் சொல்லைத் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை கொண்டு சென்ற நிகழ்வு எனலாம். இக்கட்டுரை அவருடைய வாழ்வை அந்த நோயையும் சிகிச்சையையும் முதன்மைப்படுத்திக் கூறுகிறது.

வாழ்க்கைச் சுருக்கம்

இலங்கையில் கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தபின், தாய் சத்தியபாமாவும் அண்ணன் சக்கரபாணியும் இவரும் கும்பகோணத்தில் வறுமையில் வாழ்ந்தனர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார். முதல் திரைப்படம் 1936 இல் வெளியான சதிலீலாவதி. புகைப்பதும் குடிப்பதுமான காட்சிகளில் நடிப்பதைத் தவிர்த்தவர், உடற்பயிற்சியைக் கைவிடாதவர் என்ற பெயர் இவருக்கு இருந்தது. தென்சென்னையில் இவருடைய தடங்கள் பல. தி. நகர் ஆற்காடு தெருவில் இருந்த இவரது அலுவலக இல்லம் பின்னர் நினைவு இல்லமாயிற்று. அடையாறில் சத்யா ஸ்டுடியோ இருந்த இடத்தில் பின்னாளில் மகளிர் கல்லூரி அமைந்தது.

1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்து வீட்டில் நடிகர் எம். ஆர். ராதாவால் சுடப்பட்டார். குண்டு இடது காதருகே பாய்ந்தது. உயிர் பிழைத்தாலும் குரல் நிலையாக மாறிவிட்டது. இடது காதின் கேட்கும் திறனும் போயிற்று. கழுத்தில் கட்டுடன் இருந்த அவருடைய படம் அவ்வாண்டுத் தேர்தலில் தமிழகமெங்கும் ஒட்டப்பட்டது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடியே அவர் வென்ற முதல் தேர்தல் அது. பதினேழு ஆண்டுகள் கழித்து அதுவே மீண்டும் நிகழ்ந்தது.

1972 இல் அ.தி.மு.க. வைத் தொடங்கி 1977 இல் ஆட்சியைப் பிடித்தார். 1982 இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இவருடைய ஆட்சியின் பணிகளுள் பெரிதும் பேசப்படுவது.

நோய்

1984 அக்டோபர் 5 அன்று சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நீண்ட நாள் நீரிழிவின் விளைவாகச் சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. சில நாட்களில் பக்கவாதமும் தாக்கியது. அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்து பார்த்துச் சென்றார். அம்மாத இறுதியில் அவரே கொல்லப்பட்டார். நவம்பர் 5 அன்று எம். ஜி. ஆர். சிறப்பு விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டு செல்லப்பட்டு, புரூக்ளின் பகுதியிலுள்ள டவுன்ஸ்டேட் மருத்துவ மையத்தில் அனுமதிக்கப்பட்டார். நீரிழிவால் வரும் சிறுநீரக நோயில் வல்லவரான ஈலை ஃபிரீட்மன் அங்கு மருத்துவம் பார்த்தார்.

நீரிழிவு எவ்வாறு சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதை இங்கு அறிந்துகொள்வது பயனுள்ளது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் அவற்றின் நுண்குழாய்கள் தடித்துச் சிதைகின்றன. வலி எதுவும் இருப்பதில்லை. எனவே கால் வீக்கம், மூச்சுத் திணறல் போன்றவை தோன்றும்போது பெரும்பகுதி அழிந்துவிட்டிருக்கும். அதன்பின் இருப்பவை இரண்டு வழிகளே: டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு, அல்லது மற்றொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்துதல்.

மாற்று அறுவை சிகிச்சை

மனிதரில் முதன்முதலாக வெற்றி பெற்ற சிறுநீரக மாற்று 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஒத்த இரட்டையர்களுக்கிடையே ஜோசப் மர்ரே தலைமையில் நடைபெற்றது. இந்தியாவில் 1971 இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதைச் செய்து காட்டியது. ஆகவே 1984 இல் இது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஆனால் நீரிழிவும் பக்கவாதமும் சேர்ந்த அறுபத்தேழு வயதினருக்கு இச்சிகிச்சை அக்காலத்தில் மிகுந்த ஆபத்து உடையதாகவே கருதப்பட்டது.

டிசம்பர் 19 அன்று அறுவை சிகிச்சை நடைபெற்றது. சிறுநீரகம் அளித்தவர் அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி. இவ்வகை அறுவையில் பழைய சிறுநீரகங்கள் பெரும்பாலும் அகற்றப்படுவதில்லை. புதியது அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைக்கப்பட்டு, அதன் தமனியும் சிரையும் இடுப்புக் குருதிக்குழாய்களுடன் இணைக்கப்படும். சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையில் தைக்கப்படும். அறுவையைவிடக் கடினமானது அதன்பின் வருவது. உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு புதிய உறுப்பை அந்நியமாகக் கண்டு தாக்குகிறது. அதை அடக்கும் மருந்துகளைப் பெற்றவர் வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். அதனால் தொற்றுநோய்களுக்கு எளிதில் இலக்காகிறார். சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து 1983 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது, இத்துறையின் வெற்றி விகிதத்தைப் பெரிதும் உயர்த்தியது.

தேர்தலும் திரும்புதலும்

அறுவைக்கு ஐந்து நாட்களுக்குப் பின், டிசம்பர் 24 அன்று, தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அவர் உயிருடன் இருக்கிறாரா என்ற ஐயமே பிரசாரத்தின் மையமாக இருந்தது. புரூக்ளின் மருத்துவமனையில் அவர் இருப்பதைக் காட்டும் படம் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. ஒரு நோயாளியின் உடல்நிலை இத்தனை இலட்சம் பேர் முன் சான்றாக வைக்கப்பட்டது இந்தியாவில் அதற்குமுன் நிகழ்ந்ததில்லை என்றே தோன்றுகிறது. ஒரு நாளும் வாக்குக் கேட்டு வராத அவர் ஆண்டிப்பட்டித் தொகுதியில் வென்றார். அவருடைய கட்சி 132 இடங்களைப் பெற்றது. 1985 பிப்ரவரி 4 அன்று சென்னை திரும்பி, 10 ஆம் நாள் மூன்றாம் முறையாக முதலமைச்சர் பொறுப்பேற்றார்.

பக்கவாதத்தால் பேச்சு தெளிவிழந்திருந்தது. மேல்சிகிச்சைக்காக மீண்டும் அமெரிக்கா சென்று வந்தார். மாற்றுச் சிறுநீரகம் நீரிழிவைக் குணப்படுத்துவதில்லை. இதயத்துக்கும் குருதிக்குழாய்களுக்கும் ஏற்பட்ட கேடும் அப்படியே இருக்கும். 1987 டிசம்பர் 24 அன்று அதிகாலை இராமாவரம் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். மெரினா கடற்கரையில் அண்ணா நினைவிடத்தின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். 1988 இல் பாரத ரத்னா வழங்கப்பட்டது. இராமாவரம் தோட்டத்தில் பேச்சும் கேள்வித் திறனும் குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளி அவருடைய பெயரில் இயங்கலாயிற்று.

சட்டமும் கொடையாளியும்

அக்காலத்தில் இந்தியாவில் உறுப்பு மாற்றுக்கென நாடு தழுவிய சட்டம் இல்லை. சென்னையில் ஏழைகள் பணத்துக்காகச் சிறுநீரகம் விற்ற அவலம் 1980களில் பெருகியது. வில்லிவாக்கம் அதற்காகவே இழிபெயர் பெற்றது. இதைத் தடுக்க 1994 இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் நெருங்கிய உறவினர் பட்டியலில் பெற்றோர், மக்கள், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை ஆகியோரே இருந்தனர். அண்ணன் மகள் இல்லை. அவ்வாறான கொடைக்கு அனுமதிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மூளைச் சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை முறையாகப் பகிர்ந்தளிக்கும் தமிழக அரசின் திட்டம் 2008 இல் தொடங்கியது.

உயிருள்ள கொடையாளியின் உடலில் எஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பெரிதாகி இரண்டின் வேலையையும் பெருமளவு ஏற்கிறது. லீலாவதி கொடைக்குப் பின் ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து 2021 இல் காலமானார்.