ஓட்டு மெஷினுக்குப் பின்னால் ஓர் எழுத்தாளர்: யார் இந்த எஸ்.ரங்கராஜன்?

விழுப்புரமோ திண்டிவனமோ, தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்குப் போய் பட்டனை அழுத்தினால் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். ஓட்டு பதிவாகிவிட்டது என்று அர்த்தம். அந்த மெஷின் உருவான கதையில் தமிழ் வாசகர்களுக்கு ரொம்பவே பழக்கமான ஒருவருக்கு முக்கிய இடம் உண்டு. அவர்தான் எஸ்.ரங்கராஜன். மனைவியின் பெயரில் எழுதியதால் நமக்கெல்லாம் அவர் சுஜாதா.

ஸ்ரீரங்கம் டூ பெங்களூரு

1935 மே 3-ம் தேதி சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். அதன்பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல். அப்துல் கலாம் படித்த அதே கல்லூரிதான். ஸ்ரீரங்கத்திலிருந்து சென்னைக்கு ரயில் ஏறினால் விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் தாண்டித்தான் வர வேண்டும். பின்னாளில் அந்தப் பாதையில் இருக்கும் ஊர்கள் எல்லாம் அவர் வேலை செய்த மெஷினில்தான் ஓட்டுப் போட்டன.

படிப்பு முடிந்ததும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை. பிறகு பெங்களூருவில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்கு மாறினார். பகலில் பொறியாளர், மற்ற நேரத்தில் எழுத்தாளர். கதை, நாவல், அறிவியல் கட்டுரை, சினிமா என்று எதையும் விட்டுவைக்கவில்லை. மைக்ரோ சிப் என்றால் என்ன என்று தமிழ் வாசகர்களுக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

மெஷினை 'கண்டுபிடித்தவர்' இவரா?

அப்படி ஒற்றை ஆளாகச் சொல்ல முடியாது. 1977-ல் தேர்தல் ஆணையத்தில் இந்த யோசனை எழுந்தது. ஹைதராபாத்தில் உள்ள இ.சி.ஐ.எல். நிறுவனம் 1979-ல் முதல் மாதிரியை உருவாக்கியது. அதன்பிறகு பாரத் எலெக்ட்ரானிக்ஸும் களத்தில் இறங்கியது. அங்கே வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்ட முக்கியமான நபர் ரங்கராஜன். இந்தப் பணிக்காக வாஸ்விக் விருதும் பெற்றார்.

சின்ன சிப், பெரிய கணக்கு

இந்த மாதிரி மெஷினுக்குள் இருப்பது மைக்ரோகன்ட்ரோலர் என்ற சின்ன கம்ப்யூட்டர். அதன் நினைவகம் ரொம்பவே குறைவு. அதனால் ஒவ்வொரு பிட்டையும் பார்த்துப் பார்த்துத்தான் செலவு செய்ய வேண்டும்.

பழைய மாடலில் ஒரு ஓட்டுப்பதிவு யூனிட்டில் 16 பட்டன்கள். நான்கு யூனிட்களை இணைக்கலாம். மொத்தம் 64 பட்டன்கள். ஒரு பட்டன் அழுத்தப்பட்டதா, இல்லையா என்பதற்கு 1 அல்லது 0 போதும். அதாவது ஒரே ஒரு பிட்.

ஆனால் சி மொழியில் பிட்டுகளுக்கென்று தனி அரே கிடையாது. மிகச்சிறிய அளவே ஒரு பைட், அதாவது 8 பிட். பட்டனுக்கு ஒரு பைட் என்று ஒதுக்கினால் 64 பைட் போய்விடும். அதற்குப் பதிலாக, 'பட்டன்[4][2]' என்று இரு பரிமாண பைட் அரேயாக அறிவித்தால் 8 பைட்டிலேயே வேலை முடிந்துவிடும். முதல் எண் எந்த யூனிட் என்பதைச் சொல்லும். இரண்டாவது எண், அந்த யூனிட்டின் இரண்டு பைட்டுகளில் எது என்பதைச் சொல்லும். பைட்டுக்குள் எந்த பிட் என்பதை நிரல்தான் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும்.

ஓர் உதாரணம். 2024 ஜூலையில் நடந்த விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் 29 பேர் போட்டியிட்டார்கள். நோட்டாவோடு 30. அதனால் இரண்டு யூனிட்கள் தேவைப்பட்டன. 30-வது இடத்தில் உள்ள நோட்டா, இரண்டாவது யூனிட்டின் 14-வது பட்டன். கம்ப்யூட்டர் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். எனவே யூனிட் 1, பட்டன் 13. பதின்மூன்றை எட்டால் வகுத்தால் ஈவு 1, மீதி 5. ஆக, 'பட்டன்[1][1]' என்ற பைட்டில் 5-ம் பிட். 1 என்ற எண்ணை ஐந்து இடம் இடதுபக்கம் நகர்த்தி 'ஆர்' செய்தால் அந்த பிட் 1 ஆகும். 'ஆண்ட்' செய்து பார்த்தால் அது 1-ஆ 0-வா என்று தெரியும்.

இது தத்துவத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு மட்டுமே. நிஜ மெஷினுக்குள் ஓடும் நிரலை தேர்தல் ஆணையம் பொதுவெளியில் வைக்கவில்லை.

கோர்ட் படியேறிய மெஷின்

1982 மே மாதம் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முறையாக இந்த மெஷின் பயன்படுத்தப்பட்டது. ஜெயித்தவருக்கு 123 ஓட்டுதான் வித்தியாசம். தோற்றவர் வழக்கு போட்டார். மெஷினில் ஓட்டுப் போட சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த 50 சாவடிகளில் வாக்குச்சீட்டு முறையில் மறுதேர்தல் நடந்தது. முடிவே மாறிப்போனது!

1988-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் வழி பிறந்தது. 2001-ல் மெஷினை எதிர்த்து அதிமுக தொடர்ந்த வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த மே மாதமே தமிழ்நாட்டின் எல்லா சட்டமன்றத் தொகுதிகளும் மெஷினுக்கு மாறின. விழுப்புரமும் திண்டிவனமும் அதில் அடக்கம். அந்தத் தேர்தலில் ஆட்சியைப் பிடித்தது அதிமுகதான். 2004 மக்களவைத் தேர்தலில் அன்றைய திண்டிவனம் தொகுதி உட்பட 543 தொகுதிகளிலும் மெஷின்தான்.

அவர் பார்க்காதது

2008 பிப்ரவரி 27-ம் தேதி, 72 வயதில் சென்னையில் சுஜாதா காலமானார். யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் காட்டும் விவிபேட் கருவி 2013-ல்தான் வந்தது. எல்லா சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. ஆனாலும் விவாதம் ஓயவில்லை. மெஷின் சரியாக எண்ணினால் மட்டும் போதாது, அது சரியாக எண்ணுகிறது என்று தோற்றவரும் நம்ப வேண்டும். முதல் பாதியைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது பாதிக்கான பொறுப்பு தேர்தல் ஆணையத்துடையது.