பச்சையப்பர் தர்மமும் பொதுஜனங்களின் கடமையும்

தர்மத்திற்கென்று பெரும்பொருள் வைத்துச் செல்லும் வள்ளல்களைப் புகழ்வதில் நம்மவர் என்றும் குறைவு வைத்ததில்லை. வள்ளல் கண்மூடிய பின்னர் அப்பொருள் யார் கையில் இருக்கிறது, என்ன பயன் விளைக்கிறது என்று விசாரிப்போர் மட்டும் மிகச் சிலரே. இவ்விசாரணை எத்துணை இன்றியமையாதது என்பதற்குக் காஞ்சீபுரம் பச்சையப்ப முதலியாரின் சரித்திரத்தினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பச்சையப்பர் 1754-ஆம் ஆண்டில் பிறந்தார். பிறக்கு முன்னரே தந்தையை இழந்த அக்குழந்தையையும் அதன் தாயையும் பவுனி நாராயண பிள்ளை என்னும் பெரியவர் ஆதரித்தார். வயது வந்ததும் பச்சையப்பர் சென்னையில் துபாஷ் உத்தியோகத்தில் அமர்ந்தார். கும்பெனிக்காலத்து வெள்ளையருக்கும் நம் நாட்டு வர்த்தகருக்கும் இடைநின்று காரியங்களை முடித்துக் கொடுப்பதே அவ்வுத்தியோகம். தஞ்சைச் சீமையிலும் அவருக்குப் பெருங் கொடுக்கல் வாங்கல் இருந்தது. தகப்பனற்ற பிள்ளையாய் வளர்ந்தவர் இவ்வாறு பெருந் தனவந்தரானார்.

1794-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நோயுற்ற அவர், தம் செல்வத்தைத் தெய்வ கைங்கரியங்களுக்கும் தர்மங்களுக்கும் உரியதாக்கி உயில் எழுதி வைத்தார். அம்மாதம் 31-ஆம் தேதி திருவையாற்றில் காலமானார். அப்போது அவருக்கு வயது சுமார் நாற்பதே.

அவருடைய தர்ம சிந்தையில் ஒரு குறையும் இருந்ததில்லை. குறை, அவர் இறந்த பின் தோன்றியது. சொத்தைக் குறித்து வியாஜ்யங்கள் கிளம்பின, ஆண்டுகள் கழிந்தன, அவர் கருதிய அறங்கள் நடைபெறாது நின்றன. முடிவில் சென்னை அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் இவ்விஷயத்தில் முனைந்து நின்றார். சுப்ரீம் கோர்ட்டின் தலையீட்டினால் பொருள் மீட்கப்பட்டுத் தர்மகர்த்தர்கள் அடங்கிய சபையொன்றின் பொறுப்பில் வந்தது. தெய்வ கைங்கரியங்களுக்குப் போக வட்டியினால் பெருகி நின்ற மிகுதி, கல்விக்கென்று ஒதுக்கப்பட்டது. அதன் பயனாக 1842-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி சென்னையில் பச்சையப்பர் பாடசாலை திறக்கப்பட்டது. வள்ளல் மறைந்து ஏறக்குறைய 48 ஆண்டுகள் சென்ற பின்னரே அவர் பெயரால் ஒரு பிள்ளை எழுத்துப் படித்தான் என்பதை நேயர்கள் சிந்திக்க வேண்டும். உயில் எழுதப்பட்ட காலத்தில் பிறந்த குழந்தை அதற்குள் பேரப்பிள்ளை கண்டிருக்கும்!

பாதிரிமார் உதவியும் சர்க்கார் பணமும் இன்றி எழுந்த அப்பாடசாலை, பின்னாளில் கல்லூரியாக வளர்ந்தது. கணித மேதை ராமானுஜம் அங்கே பயின்றார்; சி. என். அண்ணாதுரையும் அங்கே பயின்றவரே. இப்பெருமையைக் கூறும் நாம், 1947-ஆம் ஆண்டு வரை ஹிந்து மாணவர் அல்லாதார்க்கு அதன் கதவு திறக்கப்படவில்லை என்பதையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. நல்ல ஸ்தாபனத்தையும் அது யாருக்குப் பயன்பட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று கேட்டே மதிக்க வேண்டும்.

ஆகவே, லாபம் கருதாத ஸ்தாபனங்களை அவற்றின் கட்டடத்தைக் கொண்டோ, ஆண்டு விழாவின் ஆரவாரத்தைக் கொண்டோ எடைபோடலாகாது. வரவும் செலவும் பொதுஜனங்கள் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றனவா? நிர்வாகிகள் தவறினால் அவர்களைக் கேட்கவும் நீக்கவும் வழியுண்டா? எவர்க்கென்று பொருள் திரட்டப்பட்டதோ அவர் கைக்கு அது உரிய காலத்தில் சேருகிறதா? இவற்றுக்கு விடை கூற மறுக்கும் சங்கம், எவ்வளவு உயர்ந்த பெயரைத் தாங்கியிருப்பினும், நம் நம்பிக்கைக்கு உரியதன்று. நிர்வாகச் செலவு குறைவு என்ற ஒன்றையே பெருமையாகக் காட்டுவதும் போதாது. செலவும் குறைந்து பயனும் குறைந்த தர்மத்தால் யாருக்கு என்ன லாபம்?

கணக்குக் கேட்பது தர்மவானை அவமதிப்பதாகும் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றிலும் தவறு. கணக்குக் கேட்டவர்கள் இருந்தமையாலேயே பச்சையப்பரின் பெயர் இன்றும் நிலைத்து நிற்கிறது. கேளாது விட்டிருந்தால் அது வழக்குக் கட்டுகளுக்கிடையே மறைந்து போயிருக்கும். நன்கொடை கொடுப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. அது அங்கிருந்தே தொடங்குகிறது.