கண் இழந்தும் வழி இழவாதவர்

1858ஆம் ஆண்டு செப்ரெம்பர் 17ஆந் திகதி, இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகருக்கு அணித்தான ஹார்ணம் குன்றிலே தந்தையும் மகனும் கவுதாரி வேட்டைக்குச் சென்றிருந்தனர். தந்தையின் துப்பாக்கியிலிருந்து சிதறிய சிறுகுண்டுகள் மகனின் கண்களிற் பாய்ந்தன. இருபத்தைந்து வயதிலேயே ஹென்றி போசெற் தம் பார்வையை முற்றாக இழந்தார்.

துணி வணிகர் ஒருவரின் மைந்தராக 1833இல் பிறந்தவர் அவர். 1856இல் கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையின் கணிதப் பரீட்சையில் ஏழாமிடம் பெற்றவர். பாராளுமன்றம் புகுவதே அவரது பேரவா. அந்த அவாவைக் கண்ணோடு சேர்த்து இழக்க அவர் உடன்படவில்லை. தம் கையால் நேர்ந்த அவலத்தை எண்ணி உருகிய தந்தையின் முன் வாடிய முகம் காட்டவுமில்லை. 1863இல் கேம்பிறிட்ஜிற் பொருளியற் பேராசிரியரானார். 1865இல் பிறைற்றன் தொகுதியின் பிரதிநிதியாகப் பொதுமக்கள் சபையில் அமர்ந்தார்.

1867இல் துருக்கிச் சுல்தானுக்கு இலண்டனில் அளிக்கப்பட்ட நடன விருந்தின் செலவு இந்திய வரிப்பணத்தின்மீது சுமத்தப்பட்டது. அவ்வநீதியைக் கண்டித்தெழுந்த குரல் போசெற்றினுடையது. ஆண்டுதோறும் இந்தியாவின் வரவு செலவுகளை அவர் துருவி ஆராய்ந்தார். அதனால் இந்தியாவின் அங்கத்தவர் என்றே அழைக்கப்பட்டார். 1874இல் பிறைற்றனில் தோல்வியுற்றபோதும் அவ்வாண்டிலேயே ஹாக்னி தொகுதி அவரைத் தெரிவுசெய்தது.

1880இல் கிளாட்ஸ்ரனின் ஆட்சியில் தபால் மா அதிபரானார். ஒரு பென்னி முத்திரைகள் பன்னிரண்டை ஒரு தாளில் ஒட்டிக் கொடுத்து, சேமிப்பு வங்கியில் ஒரு ஷிலிங் வைப்பிட ஏழைகளுக்கு வழிசெய்தார். 1883இல் பொதித் தபாற் சேவை அவர் காலத்தில் ஆரம்பமாயிற்று.

1867இல் அவரை மணந்த மில்லிசென்ற் கறெற், பத்தொன்பது வயது நங்கை. படித்துக் காட்டியும், சொல்வதை எழுதியும் கணவரின் கண்ணாக அவர் விளங்கினார். அரசியற் கல்வியை அப்பணியிலேயே பெற்றார். 1884 நவம்பர் 6ஆந் திகதி போசெற் காலமானபோது அவர்களின் ஒரே மகள் பிலிப்பாவுக்குப் பதினாறு வயது.

1890இல் தந்தை எழுதிய அதே கணிதப் பரீட்சையில், முதலிடம் பெற்ற ஆடவரையும் விஞ்சினார் பிலிப்பா. ஆயினும் பெண் என்பதாற் பட்டம் கிட்டவில்லை. கேம்பிறிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் அளிக்கத் தொடங்கியது 1948இலேதான். மில்லிசென்ற் அம்மையாரோ பெண்கள் வாக்குரிமை இயக்கத்தைப் பல்லாண்டு நடத்தி, 1928இல் ஆடவர்க்கு நிகரான வாக்குரிமை சட்டமாவதைக் கண்டு, மறு ஆண்டிற் கண்மூடினார்.

மனைவியின் முகத்தையோ மகளின் முகத்தையோ போசெற் ஒருநாளும் கண்டாரல்லர். ஆனால் பெண்ணின் அறிவுக்கு ஆணின் அறிவு மேலானதன்று என்பதை, கண்ணுடைய பலர் காணாத காலத்தில், அவர் தெளிவாகக் கண்டிருந்தார். அவர் இல்லம் அதற்குச் சான்றாயிற்று.